கறுப்பாக இருந்தால் நல்ல மண்ணா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண்ணைப் பற்றியவை. செடியில் ஆரம்பித்தவர்களும் கடைசியில் மண்ணில்தான் வந்து நின்றார்கள். பூச்சி, பூ உதிர்வு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இந்த முறை மண், மட்கு உரம், மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் இலை, சருகு), அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, நர்சரியில் 'தானா ஹித்தாம்' (பையில் விற்கும் கறுப்பு மண்) நான்கு பை வாங்கி, பெரிய தொட்டியில் கொட்டிக் கருவேப்பிலை நட்டேன். கன்னங்கரேல் என்று பார்க்கவே ஆசையாக இருந்தது. நான்கு மாதத்தில் மண் பாதியாக இறங்கிவிட்டது, மிச்சம் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது, இலையெல்லாம் மஞ்சள். மண் எங்கே போனது? (வாசகி, செந்தூல்)

பதில்: காற்றில் போய்விட்டது அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பையில் இருந்ததில் பெரும்பகுதி மட்கிக்கொண்டிருந்த இலை, நார், மரத்தூள். அவற்றை நுண்ணுயிர்கள் தின்றால் கரியமில வாயுவாக வெளியே போகும், மிச்சம் இருக்கும் களிமண் மட்டும் அடியில் படியும். குளிர் நாட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்குகிற மட்கு, பகலில் 32 பாகை வெயிலும் வருடத்துக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழையும் உள்ள கோலாலம்பூரில் சில மாதத்தில் கரைந்துவிடும். அதனால் தொட்டி மண்ணை ஒருமுறை வாங்கிப்போட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டில் அரிசி வாங்குவது மாதிரிதான், தீரத்தீர நிரப்ப வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே இரண்டு விரல் கனத்துக்கு மட்கு உரம் போடுகிறேன்.

மஞ்சளுக்குக் காரணம் வேறு. சரியாக மட்காத மரத்தூளைக் கலந்து விற்றால், அதை மட்கவைக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை, அதை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்குப் பட்டினி. அடி இலை முதலில் மஞ்சளானால் இதைச் சந்தேகப்படலாம். தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் மஞ்சளாகும், உங்கள் மண் இறுகியதாகச் சொல்வதால் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கறுப்பு நிறத்தைப் பார்த்து ஏமாறாதவர்கள் யாரும் இல்லை, நானும் ஏமாந்தவள்தான். கருக்கிய உமியைக் கலந்தாலும் கறுப்பு, பீட், அதாவது சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய செடிப்பொருள், கலந்தாலும் கறுப்பு, நன்றாக மட்கிய உரமும் கறுப்பு. நிறம் ஒன்றும் சொல்லாது. நான் சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போகும்போது அடியில் ஐந்தாறு ஓட்டை போட்ட ஒரு தயிர் டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். கடைக்காரர் திறந்து வைத்திருக்கும் பையிலிருந்து டப்பா நிறைய மண், கையில் இருக்கும் தண்ணீர் போத்தலிலிருந்து அரை கப் தண்ணீர். அரை நிமிடத்தில் அடியில் சொட்ட ஆரம்பித்தால் சரி. மேலே குளமாக நின்று, ஒரு நிமிடம் கழித்தும் அசையவில்லை என்றால் அந்தப் பையை வைத்துவிட்டு அடுத்த கடை. பிறகு அந்த ஈர மண்ணைக் கையில் எடுத்துப் பிடி கொழுக்கட்டை மாதிரி பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பளபளவென்று ஒட்டிக்கொண்டால் களி. பிழிந்தால் தண்ணீர் கொட்டினால் பீட் அதிகம். மூக்கிலும் வைத்துப் பாருங்கள்: மழை பெய்த தரை வாசம் வரலாம், அமோனியாவோ சாக்கடையோ அடிக்கக் கூடாது.

(சுங்கை பூலோவில் ஏன் இத்தனை நர்சரி என்று பலர் கேட்பார்கள். 1930-ல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறந்தார்கள். அங்கேயே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்குப் பூச்செடி வளர்த்து விற்க, அது பெருகி இன்றைக்குத் தெரு நீளத்துக்கு நிற்கிறது.)

கலவை என்ன என்றுதான் அடுத்து கேட்பீர்கள். பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்க்கைத் திறன்) பாடத்தில் படித்த 3:2:1 ஞாபகம் இருக்கிறதா? மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மட்கு, ஒரு பங்கு மணல். பாலிபேக்கில் நாற்று வளர்க்க அது போதும். பெரிய தொட்டியில் பல வருடம் நிற்கப் போகிற கருவேப்பிலைக்கு நான் மாற்றிக்கொள்கிறேன்: தோட்டத்து மண் இரண்டு, மட்கு உரம் ஒன்று, கருக்கிய உமி ஒன்று, பெருமணல் ஒன்று. இதில் உமியும் மணலும் மட்கிப் போகாது, மட்கு உரம் கரைந்த பிறகும் காற்றுப் போக வழி வைத்திருக்கும். உமி கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, அதிகமாகப் போட்டால் கருவேப்பிலைக்குப் பிடிக்காது. தொட்டியின் அடியில் கல் பரப்பினால் தண்ணீர் வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், என் மாமியாரும் சொன்னார். நடப்பது தலைகீழ். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, மண்ணிலேயே தொங்கி நிற்கும், அந்த ஈரப் பகுதி கல்லின் உயரத்துக்கு மேலே ஏறிவிடும். கல்லை எடுத்துவிட்டு ஓட்டைகளைப் பெரிதாக்குங்கள். மண் வெளியே போகுமே என்றால், ஒரு துண்டு கொசுவலை போதும்.

கேள்வி: நான் செராஸில் கொண்டோ, பதினோராவது மாடி. பால்கனியில் மிளகாய் போட வெளிநாட்டுப் பை ஒன்று வாங்கினேன், மேலே 'கம்போஸ்ட்' என்று எழுதியிருந்தது, திறந்தால் பழுப்பாகப் பஞ்சு மாதிரி ஏதோ இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா? கொக்கோபீட் கட்டி வாங்கியிருந்தால் தேவலையா? (வாசகர், செராஸ்)

பதில்: ஏமாற்று இல்லை தம்பி, இங்கிலாந்துப் பழக்கம். அங்கே செடி நடும் கலவைக்கே கம்போஸ்ட் என்று பெயர். 1930-களில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் மண் 7, பீட் 3, மணல் 2 என்று ஒரு கலவை செய்தார்கள், அதற்கும் அந்தப் பெயர்தான். நம் ஊரில் கம்போஸ்ட் என்றால் மட்கிய உரம். நீங்கள் வாங்கியது பெரும்பாலும் பீட். தப்பில்லை, ஆனால் அதில் சத்து குறைவு, ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, மேலே ஊற்றினால் ஓரமாக ஓடிக் கீழே வரும். வாளித் தண்ணீரில் தொட்டியோடு அரைமணி நேரம் முக்கி வைத்தால்தான் மறுபடி நனையும். எனக்குப் பீட் வாங்க மனசு வருவதில்லை. சதுப்புக் காடு ஆயிரக்கணக்கான வருடத்தில் சேர்த்து வைத்தது அது. அந்த நிலம் காய்ந்து தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று புகைமூட்டக் காலத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு நடந்த நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொக்கோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், பரவாயில்லை, உங்கள் பால்கனிக்கு அதுதான் நல்லது, முக்கியமாக எடை. நாற்பது லிட்டர் தொட்டியில் சாதாரண மண்ணை நனைத்தால் அறுபது கிலோவைத் தாண்டிவிடும், அப்படி ஐந்தை ஒரே மூலையில் வைத்தால் நான்கைந்து ஆள் ஓயாமல் நிற்பதற்குச் சமம். நார்த்தூள் கலவை அதில் பாதிதான். ஐந்து கிலோக் கட்டி ஊறினால் அறுபது எழுபது லிட்டர் வரை வரும், அதனால் முழுக் கட்டியைச் சிறிய வாளியில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். நான் போனேன். திரும்பி வந்தால் குளியலறை முழுக்கத் தேங்காய் நார்.

உப்புதான் இதில் வில்லங்கம். மட்டையைக் கடலோரத்து உப்பு நீரில் ஊறவைத்து நார் பிரிப்பது உண்டு, தென்னையே உப்பைத் தாங்குகிற மரம். விலை குறைந்த கட்டிகளைச் சரியாகக் கழுவாமல் விடுவார்கள். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, மறுபடி ஊறவைத்து, மூன்று தடவை செய்யுங்கள். முதல் தண்ணீர் கட்டன்காப்பி நிறத்தில் வரும், மூன்றாவது தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தால் போதும். இன்னொன்று, நார்த்தூள் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும், மிளகாயின் அடி கறுத்து அழுகுவது இதனாலும் வரலாம். நார்த்தூள் மட்டும் போட்டு நடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் கலந்துகொள்ளுங்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும், அதனால் இரண்டாவது கணு வரை விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

கேள்வி: மணல் கலக்கச் சொல்கிறீர்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை. அள்ளிக்கொள்ளலாமா? (வாசகர், தஞ்சோங் பூங்கா, பினாங்கு)

பதில்: வேண்டாம். உப்பு ஒரு பக்கம், சிப்பித் துகள் இருந்தால் காரத்தன்மை இன்னொரு பக்கம், அதோடு சன்ன மணல் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். மணலைச் சேர்ப்பது இடைவெளி உண்டாக்கத்தான். கட்டடச் சாமான் கடையில் ஆற்று மணல் கேளுங்கள், ரவையை விடப் பெரிதாக, கையில் தேய்த்தால் கரகரவென்று இருக்க வேண்டும்.

கேள்வி: ஐயோ அக்கா, ஜனவரி வந்தால் எங்கள் பக்கம் மழையே இல்லை. காலையில் ஊற்றினால் மதியம் மண் வெடித்துவிடுகிறது. மூடாக்குப் போடச் சொல்கிறார்கள். எதைப் போடுவது? நர்சரியில் சிவப்புச் சாயம் போட்ட மரச்சில்லு விற்கிறார்கள். பக்கத்து வீட்டில் கரையான் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: சாயச் சில்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். நம் பெற்றோர்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், மூடாக்கு என்ற பெயர் தெரியாமலேயே அதைச் செய்தவர்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையை வெட்டினால் வெளியே தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், நிரைக்கு நடுவில் அடுக்குவார்கள். ஆலையில் பழம் உதிர்த்த வெறுங்குலையை லோரியில் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் போடுவார்கள். அப்பா ஒருநாள் அந்தக் குலையைக் காலால் புரட்டிக் காட்டினார், வெளியே வெயில் கொளுத்துகிறது, அடியில் மண் சில்லென்று, வெள்ளை வேர் நூல் நூலாகக் குலைக்குள்ளேயே ஏறியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. மூடாக்கு என்றால் இன்றைக்கும் அந்த வெள்ளை வேர்தான் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் காய்ந்த இலை போதும். மாவிலை, பலா இலை மாதிரி தடித்த இலையை முழுதாகப் போட்டால் பாய் விரித்தாற்போல் ஒட்டி மழையைத் தடுக்கும், பாராங் கத்தியால் நாலு கொத்து கொத்திப் போடுங்கள். கனம் ஐந்திலிருந்து எட்டு சென்டிமீட்டர். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இதை மட்டும் மறக்காதீர்கள், தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். வைக்கோல் கிடைத்தால் இன்னும் நல்லது, செபராங் பிறைப் பக்கம் அறுவடை முடிந்ததும் கேட்டுப் பாருங்கள். வெட்டிய பச்சைப் புல்லை அப்படியே கொட்டினால் சூடேறி வழவழவென்று நாறும், இரண்டு நாள் காயவையுங்கள். லாலாங் என்ற களைப்புல் மட்டும் வேண்டாம். மேலே வெட்டிய இலை ஒன்றும் செய்யாது, கூடவே ஒரு விரல் நீளக் கிழங்கு வேர் வந்துவிட்டால் அடுத்த வருடம் உங்கள் தோட்டம் அதனுடையது.

கரையான் பயம் பாதி உண்மை. அது மரச்சில்லில் பிறப்பதில்லை, ஏற்கனவே மண்ணில் இருப்பதற்கு ஈரமும் மறைவும் கிடைக்கிறது, அவ்வளவுதான். வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு மரச்சில்லு போடாதீர்கள், அங்கே சரளைக்கல் போதும். நத்தையும் இலைக்கடியில் தங்கும், இரவு டார்ச்லைட்டோடு போய்ப் பொறுக்க வேண்டியதுதான், கையுறையோடு. பெரிய மழை தொடங்கியதும் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தேங்காய் மட்டையை மூடாக்காகப் போடுபவர்கள் குழிப் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைக்க வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் போதும், முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அதிகாரிகள் வந்து பார்த்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதுவார்கள், மூடாக்கு என்று விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது.

கேள்வி: கோழி எரு, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம். கத்தரிக்கு எது? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: சத்து அதிகம் கோழி எருவில். ஆபத்து அதிகமும் அதில்தான். சில வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று மூன்று மூட்டையைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். கார் ஒரு மாதம் நாறியது, அதை விடுங்கள். பன்னிரண்டு கத்தரிச் செடிக்குச் செடிக்கு இரண்டு கை வைத்தேன். மூன்றாம் நாள் இலை ஓரமெல்லாம் அப்பளம் சுட்ட மாதிரி சுருண்டது. ஒரு வாரத்தில் பன்னிரண்டும் போய்விட்டது. ஈ மொய்த்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னலைச் சாத்தியவர் தீபாவளிப் பலகாரம் போன பிறகுதான் திறந்தார். பச்சைக் கோழி எருவில் அமோனியாவும் உப்பும் அதிகம், வேரைச் சுட்டுவிடும். காய்ந்த இலையோடு அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டி, இரண்டு மூன்று மாதம் மட்கவைத்த பிறகுதான் செடிக்கு. கடையில் பதப்படுத்திய குருணையாகக் கிடைப்பது பரவாயில்லை, அதையும் பையில் சொன்னதில் பாதி போட்டு ஆரம்பியுங்கள்.

வீட்டுக்கு நான் சொல்வது ஆட்டுப் புழுக்கை. சூடு குறைவு, நாற்றம் குறைவு. முழுதாகப் போட்டால் மேல் ஓடு இறுகி மாதக்கணக்கில் அப்படியே உருண்டு கிடக்கும், ஒரு இரவு ஊறவைத்து நசுக்கிப் போடுங்கள். மாட்டுச் சாணத்தில் சத்து குறைவு, மண்ணை இளக வைக்க நல்லது, கூடவே புல் விதை இலவசம்.

கேள்வி: தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும்போது எங்கள் தெருவில் உடைத்த தேங்காய்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதை மட்க வைக்க முடியாதா? மாலைப் பூக்கள்? (வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: பூ முடியும், நன்றாகவே முடியும். நாரையும் ஜிகினாவையும் பிளாஸ்டிக் நூலையும் பிரித்துவிட்டு, ஒரு கூடைப் பூவுக்கு மூன்று கூடைக் காய்ந்த இலை. வாழை இலையும் அப்படியே, கிழித்துப் போடுங்கள். தேங்காய் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. பருப்பில் எண்ணெய் இருக்கிறது, மெதுவாகத்தான் மட்கும், அதற்குள் எலி குடும்பத்தோடு வந்துவிடும். சிரட்டை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கரியாக்கலாம் என்று வீட்டுப் பின்னால் மூட்டிவிடாதீர்கள், திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், காய்ந்த இலைக்கும் சேர்த்துத்தான்.

சமையலறைக் கழிவை மட்க வைக்கும்போது வாளியில் கறுப்பாகத் தடித்த புழு நெளிந்தால் பதறி வீசிவிடாதீர்கள். கறுப்புப் படைவீரன் ஈயின் புழு அது, உங்கள் வேலையைத்தான் செய்கிறது. ஈரம் அதிகம் என்று அர்த்தம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். குழம்பு, மீன் முள், மிச்சச் சோறு வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. எவ்வளவு சொன்னாலும் வெறுங்கையால்தான் மண்ணைக் கிளறுவார், செருப்பும் போடமாட்டார். "மண் யாரையும் ஒன்றும் செய்யாது" என்கிறார். (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அம்மா, நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயைக் கொண்டுவரும் பாக்டீரியா இருக்கிறது. மழைக்குப் பிறகு அதிகம். விரலில் இருக்கும் சின்னக் கீறல் அதற்குப் போதும். நல்ல உடம்புக்காரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அது தேடிப் பிடிக்கும், நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் போனால் உயிரே போகலாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. அதனால் ரப்பர் கையுறை, மூடிய காலணி, கீறல் இருந்தால் அன்றைக்குத் தோட்டம் இல்லை. பையைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, தூசி பறக்காமல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், பைக் கலவையில் லெஜியோனெல்லா என்ற இன்னொரு கிருமியும் இருக்கலாம், அது மூச்சில் போகும். காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றாலோ புண் ஆறாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள், போனதும் 'நான் மண்ணில் வேலை செய்கிறவள், இனிப்புநீர் உண்டு' என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் அந்தச் சோதனையை எழுதுவார்.

மகனுக்கு ஒரு வார்த்தை: கையுறையை வாங்கிக் கொடுத்தால் அலமாரிக்குப் போகும். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள்.

கேள்வி: செடி செத்த தொட்டியின் பழைய மண்ணைக் கொட்டிவிடுவதா? (வாசகர், கிள்ளான் சாலை, கோலாலம்பூர்)

பதில்: வாடல் நோயில் செத்திருந்தால், அதாவது பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் தொங்கிப்போயிருந்தால், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், பூச்செடி அடியில் போட்டுவிடுங்கள். மற்றபடி கோணியில் பரப்பி, வேரைப் பொறுக்கி, கட்டியை உடைத்து, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கு உரமும் இரண்டு கை கருக்கிய உமியும் கலந்துகொள்ளுங்கள். கலந்த பிறகு தயிர் டப்பாச் சோதனையைச் செய்து பாருங்கள். தண்ணீர் மேலே நின்றால் இன்னும் ஒரு கை உமி.